டாக்டர்கிட்ட இதையும் சொல்லணுமா?

எதிர்பாலின உடை அணியும் வழக்கம் உள்ளவர்கள் மருத்துவமனைக்குப் போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை?

‘டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஆனால், டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் நாம் அப்படியா நடந்துகொள்கிறோம்? தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர் ‘எப்பவாவது ஒண்ணு’ என்பார். சர்க்கரை மாத்திரையைப் பாதி நாள் போடாமல் விட்டதை மூச்சுகூட விட மாட்டார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியம் நினைவுக்கே வராது.

இப்படி மறைக்கப்படும் விஷயங்களில் யாருமே வாய்விட்டுப் பேசாத ஒன்று உண்டு. ஆணாகவே வாழ்ந்து, வேலை, மனைவி, பிள்ளைகள் என்று இருக்கும் சிலருக்குத் தனிமையில் புடவையோ, சுடிதாரோ உடுத்திப் பார்க்கும் வழக்கம் இருக்கும். சிலர் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை உடுத்துவார்கள். சிலர் சட்டை, பேன்ட்டுக்குள்ளே தினமும் பெண்களின் உள்ளாடையை அணிவார்கள். ‘கிராஸ் டிரெஸ்ஸிங்’ என்று இதற்குப் பெயர். இன்னொரு பக்கம், ஆண்களின் உடையில்தான் நிம்மதி என்று உணரும் பெண்களும் இருக்கிறார்கள்.

இவர்களில் பலருக்கு மனைவியிடமோ, கணவரிடமோ, அம்மாவிடமோகூடச் சொல்ல முடியாத ரகசியம் இது. ‘வீட்டுக்கே தெரியாததை டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?’ என்ற கேள்வி எழுவது இயல்புதான். அதற்கான பதிலைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில், இது நோயா?

இல்லை.

எதிர்பாலின உடை அணியும் வழக்கத்தை மருத்துவ உலகம் நூறு வருடங்களுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். தன்பால் ஈர்ப்பு வேறு, இந்த வழக்கம் வேறு என்று அப்போதே அவர் பிரித்துக் காட்டினார். ஆனாலும், பின்னால் வந்தவர்கள் இதை நோய்ப் பட்டியலில் வைத்தார்கள். 1960-களில் பிரிட்டனில் இதைக் ‘குணப்படுத்துகிறோம்’ என்று சொல்லி வாந்தி மருந்து கொடுத்ததும், மின் அதிர்ச்சி கொடுத்ததும்கூட நடந்திருக்கிறது.

இன்றைய நிலை வேறு. ஸ்வீடன் 2009-ல் இதைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-யின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய பதிப்பில் இருந்த எதிர்பாலின உடை தொடர்பான நோய்ப் பெயர்கள் அதில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதையொட்டிய ஒரு கோளாறு இன்னும் இருக்கிறது. ஆனால், பாலுணர்வோடு சேர்ந்து நீண்ட காலம் தொடர்ந்து, அந்த நபருக்கே பெரும் மனவேதனையையோ, அன்றாட வாழ்க்கையில் முடக்கத்தையோ தந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். உடுத்துவது மட்டுமே கோளாறு ஆகாது.

நமக்கும் இது புதிதல்ல. தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுவது ஆண்தான். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்த்ரீ பார்ட் போட்ட பையன்களுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். ஔவையார் வேடம் டி.கே.சண்முகத்துக்கு ‘ஔவை சண்முகம்’ என்ற பெயரையே வாங்கித் தந்தது. குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்த்திக்கடனாகப் பெண் வேடமிடும் ஆண்களை ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. மேடையிலும் கோயிலிலும் நாம் ஏற்றுக்கொண்ட ஒன்று, வீட்டின் பூட்டிய அறைக்குள் நடந்தால் மட்டும் கூச்சமாகிவிடுகிறது.

கேட்கப்படாத கேள்வி

நோய் இல்லை என்றால் டாக்டரிடம் ஏன் சொல்ல வேண்டும்? காரணம் எளிமையானது. ஒரு பெண்ணிடம் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளை, ஆணிடம் டாக்டர் கேட்பதே இல்லை.

உதாரணத்துக்கு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக்கொள்வோம். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும். அது சிலரின் தோலில் நிறமியை உருவாக்கும் செல்களைப் பாதித்து, பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். நெற்றியில் வெள்ளைத் திட்டோடு ஒரு பெண் வந்தால், தோல் மருத்துவர் முதலில் கேட்பது, ‘ஸ்டிக்கர் பொட்டு வைப்பீங்களா?’ என்பதைத்தான். அதே திட்டோடு ஓர் ஆண் வந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ‘வெண்புள்ளி’ என்று முடிவாகி, சிகிச்சை வேறு பாதையில் போய்விடலாம். பொட்டு வைப்பதை நிறுத்துவதுதான் அதற்கு முதல் மருந்து என்பது இருவருக்குமே தெரியாமல் போகும்.

இடுப்பில் வரும் கறுப்புத் தடமும் அப்படித்தான். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதால் தோல் உரசி, கறுத்து, செதில் செதிலாக உரியும். பல வருடங்கள் தினமும் இறுக்கிக் கட்டியவர்களில் மிக அரிதாக அது ஆறாத புண்ணாகி, புற்றுநோயாகவும் மாறியிருக்கிறது. நம் நாட்டுப் பெண்கள் இருவருக்கு அப்படி நேர்ந்ததைப் பற்றி 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. எப்போதாவது புடவை கட்டுபவர் இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், இடுப்புப் புண்ணைக் காட்டும்போது நாடாவைப் பற்றிச் சொல்லாவிட்டால், டாக்டர் படர்தாமரைக்கு மருந்து எழுதிக்கொண்டிருப்பார்.

எப்போது சொல்ல வேண்டும்?

காய்ச்சல், சளி, பல்வலி, கண் பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இது உங்கள் சொந்த விஷயம். உங்கள் வழக்கம், வந்திருக்கும் பிரச்னையையோ எடுக்கப்போகும் சிகிச்சையையோ தொட்டால் மட்டும் சொல்லுங்கள்.

தோல்: உடல் முழுவதும் ஷேவ் செய்வது, வாக்சிங், முடி நீக்கும் கிரீம் ஆகியவற்றால் முடிவேரில் சீழ்க் கொப்புளங்கள் வரலாம். முடி உள்நோக்கி வளர்ந்து கட்டியாகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சின்னக் கீறல்கூடப் பெரிதாகும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடும்போது வாக்சிங் செய்தால் தோல் உரிந்து வந்துவிடும். செயற்கை மார்பகங்களை ஒட்டும் பசையும், மேக்கப் பொருள்களும் சிலருக்கு அலர்ஜி தரும். பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருந்தால் சிறுநீரகமே கெடும். என்ன பூசுகிறீர்கள் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இடுப்பு, வயிறு, மார்பு: இடுப்பை ஒடுக்கிக் காட்டும் இறுக்கமான உள்ளாடைகள் நெஞ்செரிச்சலை அதிகமாக்கும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய் எரிச்சல் எடுத்தால், இடுப்பருகே ஒரு நரம்பு அழுந்துவதும் காரணமாக இருக்கலாம். உடை இறுக்கத்தைச் சொன்னால், தேவையில்லாத முதுகெலும்பு ஸ்கேன் மிச்சமாகலாம். பெண்ணாகப் பிறந்து, மார்பு தெரியாமல் இறுக்கிக் கட்டுபவர்களுக்கு விலா வலியும் மூச்சுத்திணறலும் வருவதுண்டு. இருமலுக்கோ மூச்சு வாங்குவதற்கோ டாக்டரைப் பார்க்கும்போது இதைச் சொல்வது அவசியம்.

பிறப்புறுப்பு: உடை சரியாக அமைய வேண்டும் என்று பிறப்புறுப்பைப் பின்னுக்கு மடித்து, டேப் ஒட்டி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். நீண்ட நேரம் அப்படியே இருந்தால் தோல் புண்ணாகும். விரைவலி வரும். சிறுநீரை அடக்குவதால் தொற்று வரலாம். இந்த உபாதைகளோடு சிறுநீரக மருத்துவரிடம் போனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கால்: வார இறுதியில் மட்டும் ஹை ஹீல்ஸ் அணிபவருக்கும் கணுக்கால் பிசகும். குதிகால் நரம்பு இழுக்கும். ‘படியில சறுக்கிட்டேன்’ என்று சொல்லி எக்ஸ்-ரே எடுத்துவிடலாம்தான். ஆனால், திரும்பத் திரும்ப வலி வந்தால் உண்மையான காரணம் தெரிந்தால்தான் சரியாகும்.

பரிசோதனையும் ஆபரேஷனும்: மார்பு எக்ஸ்-ரே, எம்.ஆர்.ஐ., ஈ.சி.ஜி. எடுக்கும்போது சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். முன்பே நாள் குறித்த பரிசோதனை என்றால், அன்று சாதாரண உடையில் போனாலே போதும். யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நகப்பூச்சு, உதட்டுச்சாயம், ஒட்டும் இமை முடி, நகைகள் எல்லாவற்றையும் நீக்கச் சொல்வார்கள். மயக்கத்தில் இருக்கும்போது உதடும் நகமும் நீலமாகின்றனவா என்று பார்ப்பார்கள். அடர் நிற நகப்பூச்சு, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் அளவையும் சற்று மாற்றிக் காட்டக்கூடும்.

ஆபத்தான ரகசியம் எது?

உடையை மறைப்பதால் வரும் நஷ்டம் பெரும்பாலும் நேரமும் பணமும்தான். மாத்திரையை மறைத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

உடுத்துவதோடு நிற்காமல், உடம்பிலும் கொஞ்சம் மென்மை வர வேண்டும் என்று சிலர் ஹார்மோன் மாத்திரைகளைத் தாங்களாகவே சாப்பிடுகிறார்கள். மருந்துக்கடையில் ‘வைஃபுக்கு’ என்று சொல்லிக் கருத்தடை மாத்திரை வாங்குகிறார்கள். ஆன்லைனில் பார்த்து ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோட்டிரோன் போன்ற மருந்துகளைத் தேடுகிறார்கள்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். புகைபிடிப்பவர், உடல் பருமன் உள்ளவர், ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருப்பவர் என்றால் அபாயம் இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பதும், திடீரென்று மூச்சு வாங்குவதும் அவசர அறிகுறிகள். ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். ரத்தக்கொதிப்புக்குத் தரும் ராமிப்ரில், லோசார்டான் போன்ற மருந்துகளும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். சைப்ரோட்டிரோன் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். வலிப்பு நோய்க்கு லாமோட்ரிஜின் சாப்பிடுபவருக்கு ஈஸ்ட்ரோஜன் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கட்டுப்பாட்டில் இருந்த வலிப்பு திரும்ப வரலாம்.

இங்கேயும் அதே கதைதான். பெண்ணிடம் ‘கருத்தடை மாத்திரை எடுக்கிறீங்களா?’ என்று கேட்கும் டாக்டர், ஆணிடம் அதைக் கேட்கப்போவதில்லை. மாத்திரையால் மார்பு வளர்ந்த ஓர் ஆண் விஷயத்தைச் சொல்லாமல் போய் நின்றால், கல்லீரல் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை, கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் என வரிசையாக எழுதுவார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவற்றில் பல தேவைப்பட்டிருக்காது.

உடையைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லையா? பரவாயில்லை. ‘நானா இந்த மாத்திரையைச் சாப்பிடுறேன்’ என்று பெயரையும் அளவையும் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார்.

அவசரத்தில் உடை மாற்றாதீர்கள்

நெஞ்சு வலிக்கிறது. இடது கை கனக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது. உடம்பில் இருப்பதோ புடவையும் நகப்பூச்சும். இந்த நிலையில் சிலர் முதலில் தேடுவது நகப்பூச்சு நீக்கும் ரிமூவரை. அப்படிப் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

108-க்கு போன் செய்யுங்கள். எந்த உடையில் இருக்கிறீர்களோ, அப்படியே போங்கள். எமர்ஜென்சி வார்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் ஒரு ஹார்ட் அட்டாக் கேஸ். தேவைப்பட்டால் கத்தரிக்கோலால் துணியை வெட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

எப்படிச் சொல்வது?

நம் ஊர் கிளினிக்குகளில் டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டோக்கன்காரர் உள்ளே நிற்பார். பக்கத்தில் நர்ஸ் இருப்பார். கூடவே மனைவியோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சூழலில் யாராலும் இதைச் சொல்ல முடியாது.

‘டாக்டர், உங்ககிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவர்களை டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். வீட்டிலிருந்து யாராவது உடன் வந்திருந்தால், ‘கொஞ்சம் வெளியில இருங்க’ என்று டாக்டரையே சொல்லச் சொல்லலாம். அந்தச் சிரமமே வேண்டாம் என்றால் தனியாகப் போங்கள்.

நீண்ட முன்னுரை தேவையில்லை. சின்ன வயதிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியதும் இல்லை. ‘எனக்குப் பெண்கள் டிரெஸ் போடுற பழக்கம் உண்டு. அதனால இந்த இடத்துல புண் வந்திருக்குமோன்னு தோணுது’ என்றால் போதும். இரண்டே வாக்கியம். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். வாய் வரவில்லை என்றால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதியோ, மொபைலில் டைப் செய்தோ காட்டுங்கள்.

சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். இன்ஷூரன்ஸுக்கும் போகும். எனவே, ‘இந்த விவரத்தைச் சீட்டுல எழுத வேண்டாம் டாக்டர்’ என்று கேட்டுக்கொள்ளலாம். ‘தோல் அலர்ஜி’ என்று எழுதினாலே சிகிச்சைக்குப் போதும். ஆனால், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அந்த மருந்தின் பெயர் கேஸ் ஷீட்டில் இருந்துதான் ஆக வேண்டும். அது உங்கள் பாதுகாப்புக்காக.

டாக்டர் வெளியில் சொல்லிவிட்டால்?

சொல்லக் கூடாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, தொழில்முறையில் தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடுவது தவறு. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒரு நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகியவைதான் விதிவிலக்குகள். நீங்கள் என்ன உடுத்துகிறீர்கள் என்பது இந்த மூன்றிலும் வராது. உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் மனைவியிடமும் அவர் சொல்லக் கூடாது. விதியை மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

உடை விஷயத்தில் சட்டமும் உங்கள் பக்கம்தான். 2014-ல் உச்ச நீதிமன்றம், திருநர் உரிமை குறித்த ‘நால்சா’ வழக்கின் தீர்ப்பில், ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடை வழியாக வெளிப்படுத்துவதும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, சமூகத்தின் ஒழுக்க வழக்கங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவுசெய்யக் கூடாது என்கிறது.

ஆனாலும், சில டாக்டர்கள் முகம் சுளிக்கலாம். அறிவுரை சொல்லலாம். ‘இதை மாத்திடலாம்’ என்றும் சொல்லலாம். பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை தரும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அப்படிச் சொல்பவரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். வேறு டாக்டரைப் பாருங்கள். அதற்காகச் சிகிச்சையையே கைவிட்டுவிடாதீர்கள்.

மனசுக்கும் டாக்டர் உண்டு

ஆசையாக வாங்குவது, சில மாதங்கள் உடுத்துவது, குற்றவுணர்ச்சி வந்ததும் மூட்டை கட்டிக் குப்பையில் போடுவது, மறுபடி வாங்குவது... இந்தச் சுழலில் வருடக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. தூக்கம் கெட்டு, வேலையில் கவனம் போய், குடியில் விழுந்தவர்களும் உண்டு. இங்கே சிகிச்சை வேண்டியது அந்தத் தவிப்புக்குத்தான். தூக்கமின்மைக்கு மாத்திரை வாங்கும்போது தூக்கத்தைக் கெடுப்பது எது என்று சொல்லாவிட்டால், மாத்திரையின் அளவுதான் ஏறிக்கொண்டே போகும்.

‘நான் உடுத்துவதோடு நிற்கிறேனா, இல்லை பெண்ணாகவே வாழ நினைக்கிறேனா?’ என்ற குழப்பமும் சிலருக்கு வரும். இரண்டும் வேறு வேறு. அந்தக் கேள்விக்கு மருந்துக்கடையில் விடை தேடாமல், நிபுணர்களிடம் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பாலினம் தொடர்பான ஆலோசனைக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. போனில் பேசினால் போதும் என்பவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

அலமாரியில் துணியைப் பார்த்தோ, கணவர் ஐ.சி.யூ-வில் இருக்கும்போதோ இந்த விஷயம் தெரியவந்தால், ஒரு மனைவிக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ‘என்னை ஏமாத்திட்டாரா?’ என்ற கோபமும் நியாயமானதே. அவருக்குத் தன்பால் ஈர்ப்பு என்றோ, குடும்பத்தை விட்டுப் போய்விடுவார் என்றோ உடனே முடிவுக்கு வராதீர்கள். இந்த வழக்கம் உள்ள ஆண்களில் பலரும் பெண்களை விரும்பி மணந்து, குடும்பத்தோடு வாழ்பவர்கள்தான். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம். பேச்சு முட்டிக்கொண்டால் இருவரும் சேர்ந்து ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கலாம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘என்ன டிரெஸ் போடுவீங்க, என்ன பூசுவீங்க, நீங்களா ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?’ என்று ஆண், பெண் பார்க்காமல் எல்லோரிடமும் கேட்டுவிட்டால், சொல்லத் தயங்குபவருக்குப் பாதி பாரம் குறையும். பதிலைக் கேட்டதும் புருவம் உயராமல் இருந்தால் மீதியும் இறங்கிவிடும்.

பரிசோதனை முடிந்து, சீட்டு எழுதத் தொடங்கும் முன் டாக்டர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள்... ‘வேற ஏதாவது இருக்கா?’ பெரும்பாலும் நாம் ‘ஒண்ணும் இல்லை டாக்டர்’ என்று எழுந்துவிடுவோம். வந்த பிரச்னைக்கும் உங்கள் ரகசியத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றினால், அந்த ஒரு முறை மட்டும் எழுந்துவிடாதீர்கள்.